சோற்றுக்கு நிலமா? எண்ணெய்க்கு நிலமா?

(நீலமலை மாவட்டம் குன்னூரில், தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

   

ஒரு சிறிய நாடு, தன் நிலத்திற்கு அடியிலும் தன் கடலுக்கு அடியிலும் எண்ணெயும் எரிவளியும் இருக்கின்றன என்று அறிந்த பின்னும், "வேண்டா, தோண்டற்க!" என்று தடை விதிக்கலாமா? அவ்வாறு விதிப்பது அறிவுடைமையா, அறியாமையா? உலக நாடுகள் பலவற்றில் இன்று நிகழும் வழக்கு இது. தமிழ்நாட்டில் காவிரிப் படுகையின் வயல் வரப்பில் நிகழும் வழக்கும் இதுவே. 

"காவிரிப் படுகையின் செய்தியைக் குன்னூரில் ஏன் பேச வேண்டும்? நீலமலையில் எண்ணெய்க் கிணறு உண்டா?" என்று ஒருவர் கேட்கலாம். முறையான கேள்விதான். விடையை இம்மலையின் நீரே சொல்லும். இம்மலையில் பெய்யும் மழையின் ஒரு கூறு மோயாறாகவும் மற்றொரு கூறு பவானிக்கு ஊட்டந்தரும் ஓடைகளாகவும் இறங்குகின்றது. மோயாறு பவானிசாகரில் பவானியோடு கலக்கின்றது. பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கின்றது. காவிரி கல்லணையைக் கடந்து தஞ்சைக் கழனிகளில் பரவுகின்றது. குன்னூர்ச் சரிவில் விழுந்த மழைத்துளி திருவாரூர் வயலில் நெல்மணியாகின்றது. அந்நெல் அரிசியாகி மலைப்பாதையில் ஏறி இங்குள்ள நியாயவிலைக் கடைக்கே வந்து சேர்கின்றது. மலையில் நெல் விளைவதில்லை. தேயிலையைத் தின்று எவரும் பசியாற முடியாது. குறிஞ்சியும் மருதமும் ஒரே உடலின் தலையும் வயிறும் ஆகும். வயிற்றில் ஆணி அடிக்கப்படும்போது தலை உறங்குமா?

முல்லையும் குறிஞ்சியும் வளங்குன்றித் திரிந்தால் பாலையாகும் என்று நம் முன்னோர் கண்டனர். ஆனால் மருதமும் ஒருநாள் பாலையாகும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்திலர். எண்ண வேண்டிய நிலை நம் தலைமுறைக்கு வந்துள்ளது.

காவிரிப் படுகையில் நடந்தது என்ன?

ஓ.என்.சி.சி. என்று மக்கள் வழங்கும் நடுவணரசின் எண்ணெய், எரிவளிக் கழகம் 1960களிலிருந்தே காவிரிப் படுகையில் துளையிட்டு வருகின்றது. நீண்ட காலம் உழவர் அதனைப் பெரிதாக எதிர்த்திலர். நாட்டிற்கு வேண்டியது என்று நம்பினர். குத்தகைக்கு நிலமும் கொடுத்தனர். 2010ஆம் ஆண்டிற்குப் பின்னரே நிலைமை வேறாயிற்று. அவ்வாண்டில் மன்னார்குடிப் பகுதியில் 691 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் வழங்கப்பட்டது.

மீத்தேனை எவ்வாறு எடுக்கின்றனர் என்பதை உணர்ந்தால்தான் உழவரின் அச்சம் விளங்கும். நிலத்தின் ஆழத்தில் நிலக்கரிப் படலத்தோடு எரிவளி ஒட்டிக் கிடக்கின்றது. அதனை அழுத்தி வைத்திருப்பது அங்குள்ள நீர். அந்நீரை இடையறாது இறைத்து வெளியேற்றினால் அழுத்தம் குறையும். எரிவளி விடுபட்டு மேலே வரும். எனவே எரிவளி வேண்டுமானால் முதலில் நீரை இறைத்தாக வேண்டும். கடலோரச் சமநிலத்தில் இவ்வாறு நீரை இறைத்தால், வெற்றிடத்தை நோக்கி உவர்நீர் நகரும். இறைத்து வெளியேற்றும் நீரும் உப்பு மிகுந்தது. அதனை வாய்க்காலில் விட்டால் வயல் கெடும். நன்னீரை நம்பி வாழும் நெல்லுக்கு இதனினும் கொடிய பகை வேறில்லை.

இதனை ஊர் ஊராகச் சென்று எடுத்துரைத்தவர்களுள் தலையாயவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். அப்பணியில் இருந்தபோதே 2013 திசம்பர் 30ஆம் நாள் பட்டுக்கோட்டைக்கு அருகில் அவர் உயிர் பிரிந்தது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டரசு அத்திட்டத்தை நிறுத்தி வைத்து, ஆய்வுக்குழு அமைத்தது. 2015ஆம் ஆண்டில் அத்திட்டத்திற்குத் தமிழ்நாட்டில் இடமில்லை என்று அறிவித்தது.

முன்கதவு அடைபட்டதும் பின்கதவு திறக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டில் நடுவணரசு புதிய எண்ணெய்க் கொள்கையை வகுத்தது. முன்னர் எண்ணெய்க்கு ஓர் உரிமம், நிலக்கரி மீத்தேனுக்கு வேறோர் உரிமம் என்றிருந்தது. புதிய கொள்கையின்படி ஒரே உரிமம் போதும். எண்ணெய், எரிவளி, மீத்தேன், பாறைப்பிளவு எரிவளி ஆகிய அனைத்தையும் எடுக்கலாம். இவை அனைத்திற்கும் சூட்டப்பட்ட பொதுப்பெயரே ஐட்ரோகார்பன். நீரகக் கரிமம் என்பது அதன் தமிழ். பெயர் மாறியது, பொருள் மாறவில்லை. "மீத்தேன் இல்லை, இது வேறு" என்று உழவரிடம் சொல்வதற்கு அயற்சொல் ஒரு போர்வையாயிற்று.

2017 பிப்பிரவரித் திங்களில் நடுவண் அமைச்சரவை நாடு முழுதும் 31 எண்ணெய், எரிவளிப் பகுதிகளுக்கு இசைவளித்தது. புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் அவற்றுள் ஒன்று. கருநாடகத்தைச் சேர்ந்த தனியார் நிறுவனத்திற்கு அது வழங்கப்பட்டது. மறுநாளே நெடுவாசல் எழுந்தது. பள்ளிச் சிறாரும் முதிய பெண்டிரும் வேப்பமரத்தடியில் அமர்ந்து போராடினர். அவ்வாண்டு சூன் 30ஆம் நாள் தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியது. கேட்கச் சென்ற மக்கள்மீது காவல்துறை தடியடி நடத்தியது, பேராசிரியர் த. செயராமன் உள்ளிட்டோர் சிறையிலடைக்கப்பட்டனர்.

2020 சனவரித் திங்களில் மேலும் ஓர் அடி விழுந்தது. எண்ணெய், எரிவளித் தேட்டக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வேண்டியதில்லை என்று நடுவணரசு விதியைத் திருத்தியது. நிலத்திற்குரியவனிடம் கேளாமலேயே நிலத்தைத் துளைக்கலாம் என்பது அதன் பொருள். அடுத்த திங்களில், அதாவது பிப்பிரவரி 20ஆம் நாள், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. எடப்பாடி பழனிச்சாமி அப்போது முதலமைச்சர். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் அதன்கண் அடங்கின. புதிய எண்ணெய், எரிவளித் தேட்டத்திற்கும் அகழ்விற்கும் அங்கே தடை.

சட்டத்தின் வலிவும் மெலிவும்

இச்சட்டம் வந்தது மக்களின் வெற்றி. அதனை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஒருபுறம் கட்சி வேறுபாடின்றிப் பாராட்டப்பட வேண்டியது. மறுபுறம் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டத் தகாதது.

அதன் முதல் ஓட்டை, முன்னரே இயங்கும் கிணறுகளை அது தொடவில்லை என்பது. இரண்டாம் ஓட்டை, முதலில் பேசப்பட்ட திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்கள் சட்டத்தில் இடம்பெறாமற் போயின என்பது. இராமநாதபுரமும் சிவகங்கையும் வேலிக்கு வெளியே நின்றன. வேலிக்கு வெளியே நிற்பதை மாடு மேயும் என்பது உழவர்க்குத் தெரியாததா? 2025ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்டச் சுற்றுச்சூழல் இசைவு வழங்கப்பட்ட செய்தி வெளிவந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அவ்விசைவைத் திரும்பப் பெறுமாறு தமிழ்நாட்டரசு பணித்தது.

மூன்றாம் ஓட்டை மற்ற இரண்டினும் பெரியது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் பட்டியலில் எண்ணெய் வயல்கள் 53ஆம் பதிவாக நடுவணரசின் கையில் உள்ளன. நிலம் மாநிலத்திற்கு, நீர் மாநிலத்திற்கு, உழவு மாநிலத்திற்கு. ஆனால் அதே நிலத்தின் அடியிலுள்ள எண்ணெய் தில்லிக்கு! இயற்கை எரிவளியும் அப்பதிவிலேயே அடங்கும் என்று உச்ச நயன்மன்றம் 2004ஆம் ஆண்டில் கூறியது. குத்தகை எழுதித் தரும் கை மட்டும் நிலப்பகுதியில் மாநில அரசினுடையது. அக்கையும் நடுவணரசின் முன்னிசைவின்றி அசையலாகாது. ஆயினும் எழுத மறுக்கும் கையை எவரும் எளிதில் வளைத்துவிட முடியாது. நெடுவாசல் நிலத்தைத் தனியார் நிறுவனம் தொட முடியாமற் போனதற்கு மக்கள் எழுச்சியோடு, குத்தகை மாற்றித் தரப்படாமையும் ஏதுவாயிற்று. இருக்கும் சிறு உரிமையையும் உறுதியோடு கையாண்டால் பயன் உண்டு என்பதற்கு இது சான்று.

வேளாண் மண்டலம் என்று அறிவித்த பின்னும் தில்லி தன் போக்கை விட்டதா? 2023ஆம் ஆண்டில் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்குச் சேத்தியாத்தோப்பு ஆகிய இடங்களின் பழுப்பு நிலக்கரியை ஏலப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் ஒரே குரலாக எதிர்ப்பு எழுந்ததும் ஏப்பிரலில் அவற்றை நீக்கியது. சட்டம் நின்றதால் மட்டும் நீங்கியதன்று. மக்கள் விழித்திருந்ததால் நீங்கியது.

சிறிய நாடுகள் என்ன செய்தன?

தமிழ்நாட்டு மக்கள்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏழு கோடியே இருபத்தோரு இலக்கம். நியூசிலாந்தின் மக்கள் ஏறத்தாழ ஐம்பது இலக்கம். டென்மார்க்கின் மக்கள் ஏறத்தாழ அறுபது இலக்கம். கோயம்புத்தூரையும் அதனையடுத்த ஓரிரு மாவட்டங்களையும் சேர்த்தால் அவ்வளவு மக்கள் வந்துவிடுவர். ஆனால் அவர்கள் தங்கள் மண்ணைப் பற்றித் தாங்களே முடிவெடுக்கின்றனர்.

கோசுட்டாரிக்கா 2002ஆம் ஆண்டிலேயே எண்ணெய்த் தேட்டத்தை நிறுத்தி வைத்தது. பிரெஞ்சு நாடு 2017இல் புதிய தேட்டத்திற்குச் சட்டத்தால் தடை விதித்தது. பவளப் பாறைகளைக் காக்கப் பெலீசு என்னும் மிகச் சிறிய நாடு தன் கடலை எண்ணெய்த் தேட்டத்திற்கு மூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எண்ணெய் மிகுதியாக எடுத்துவந்த டென்மார்க்கே 2020 திசம்பரில் புதிய உரிமங்களை நிறுத்தி, 2050இல் எடுப்பதையே முடித்துக்கொள்வதாக அறிவித்தது. ஈக்வடார் நாட்டில் 2023 ஆகத்தில் மக்களிடமே வாக்கெடுத்தனர். யாசுனிக் காட்டின் எண்ணெயை நிலத்திலேயே விட்டுவிடுமாறு நூற்றுக்கு ஏறத்தாழ ஐம்பத்தொன்பதின்மர் வாக்களித்தனர்.

நியூசிலாந்தின் செய்தியை மட்டும் சற்று நின்று நோக்க வேண்டும். 2018ஆம் ஆண்டில் அந்நாடு கடலில் புதிய தேட்டத்திற்குத் தடை விதித்தது. உலகமே பாராட்டியது. 2023இல் ஆட்சி மாறியது. எரிவளி பற்றாக்குறை என்றும் மின்விலை ஏறிற்று என்றும் சொல்லி, 2025இல் புதிய ஆட்சி அத்தடையை நீக்கிவிட்டது. "பார்த்தீர்களா, தடை தோற்றது!" என்று எண்ணெய் நிறுவனங்களின் சார்பாளர் இதனை எடுத்துக்காட்டுவர். உண்மை என்ன? பழைய வயல்களில் எரிவளி வற்றியது. தடை அவ்வயல்களைத் தொடவே இல்லை. புதிதாகத் தேடத் தொடங்கினாலும் எரிவளி அடுப்பிற்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். எனினும் இதிலிருந்து தமிழர் கற்கவேண்டிய பாடம் உண்டு. மாற்று ஆற்றலை உருவாக்காமல் விதிக்கும் தடை, முட்டுக்கொடாத பந்தல் போன்றது. முதற் காற்றில் சாயும். ஆட்சியாளர் மட்டும் கொணரும் தடையை அடுத்த ஆட்சியாளர் நீக்கிவிடுவர். மக்கள் நெஞ்சில் வேரூன்றிய தடையை நீக்க எவரும் அஞ்சுவர்.

கடலுக்கு அப்பாலும் ஒரு பார்வை வேண்டும். மன்னார்க் கடற்படுகையில் 2011ஆம் ஆண்டில் எரிவளி கண்டறியப்பட்டது. அக்கடலின் இரு கரையிலும் வாழ்பவர் தமிழ் மீனவர். ஒரு கரையின் முடிவு கொழும்பிலும் மறு கரையின் முடிவு தில்லியிலும் எடுக்கப்படுகின்றன. கடலில் வலை வீசுபவனிடம் எவரும் கேட்பதில்லை.

எதிர்ப்போர் கூற்றும் மறுமொழியும்

மாற்றார் கூற்றை மறைத்துவிட்டுப் பேசுவது தமிழர் முறையன்று. அவர்தம் வலுவான கேள்விகளையே எடுத்துக்கொள்வோம்.

"உங்கள் பேருந்து எண்ணெயால்தானே மலையேறுகின்றது? உங்கள் மலைத் தொடர்வண்டியே நிலக்கரியை விட்டு உலை எண்ணெய்க்கு மாறியதன்றோ? தேயிலைக்கு இடும் யூரியா எரிவளியிலிருந்துதானே வருகின்றது? எண்ணெயைப் பயன்படுத்திக்கொண்டே, தோண்டாதே என்பது முறையா?" என்பர். முறையான கேள்வியே. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். இந்தியா தனக்கு வேண்டிய பாறை எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேற்பட்ட கூற்றை வெளிநாட்டிலிருந்து வாங்குகின்றது. உள்நாட்டில் எடுக்கும் எஞ்சிய சிறு கூற்றிலும், தமிழ்நாட்டு மண் தருவது நூற்றில் இரண்டுக்கும் குறைவு. அக்கடுகளவு எண்ணெய் நின்றுவிட்டால் எந்தப் பேருந்தும் நிற்காது. ஆனால் காவிரிப் படுகை உவராகிவிட்டால் பல கோடித் தமிழரின் உலைப்பானை நிற்கும். எண்ணெயை வாங்க ஊர்கள் பல உண்டு. கரிகாலன் காலத்திலிருந்து வண்டல் படிந்து உருவான மண்ணை விற்கும் ஊர் உலகில் எங்கும் இல்லை.

"வேலை கிடைக்கும், வருவாய் கிடைக்கும்" என்பர். இதற்கு நீலமலையே மறுமொழி கூறும். 1880ஆம் ஆண்டையொட்டித் தேவாலாவிலும் பந்தலூரிலும் பொன் கிடைக்கின்றது என்று ஆங்கிலேயர் பித்துக்கொண்டு ஓடிவந்தனர். இலண்டனில் நிறுவனங்கள் முளைத்தன, பங்குகள் விற்றன, மலையைக் குடைந்தனர். சில ஆண்டுகளிலேயே எல்லாம் சரிந்தது. பங்கு விற்றவன் பணத்தோடு போனான். மலைக்கு எஞ்சியவை சுரங்கக் குழிகள். அகழ்தொழில் விருந்தாளியைப் போன்றது, உண்ணும்வரை இருக்கும். உழவு உரிமைக்காரனைப் போன்றது; தலைமுறைதோறும் தங்கும். முப்பது ஆண்டில் வற்றும் கிணற்றுக்காக முந்நூறு ஆண்டு விளையும் வயலைக் கொடுப்பவன் வணிகம் தெரிந்தவன் ஆகான்.

"தமிழ்நாடு ஒன்று நிறுத்தினால் உலக வெப்பம் குறைந்துவிடுமா?" என்பர். தனியே குறையாது. ஆனால் எவர் தொடங்குவது? இம்மலை அவ்வெப்பத்தின் விளைவைத் தன் மேனியில் தாங்கி நிற்கின்றது. 2009 நவம்பரில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகத்து 8ஆம் நாள் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செண்டிமீட்டர் மழை கொட்டியது. 2024 சூலை 30ஆம் நாள் அண்டையிலுள்ள வயநாட்டில் மலை சரிந்து இருநூற்றுக்கும் மேற்பட்டோர் புதையுண்டனர். ஒவ்வொரு சரிவிற்கும் காடழிப்பும் கட்டடப் பெருக்கமும் ஏதுக்களாம். எனினும் வெப்பமேறிய வளிமண்டலம் மிகுதியாக நீரைச் சுமந்து ஒரே நாளில் கொட்டுகின்றது என்பதை அறிவியல் தெளிவாக்கியுள்ளது. எரிக்கும் எண்ணெய்க்கும் இடியும் மலைக்கும் தொடர்பு உண்டு.

தடை போடும் ஆற்றல் சிறியவர்க்கு இல்லை என்போர் இம்மாவட்டத்தின் அண்மை வரலாற்றைப் படிக்கட்டும். 2000ஆம் ஆண்டையொட்டி நீலமலை மாவட்டம் ஞெகிழிப் பைகளுக்குத் தடை விதித்தது. அன்று பலர் நகைத்தனர். 2019 சனவரி முதல் நாள் தமிழ்நாடு முழுதும் அத்தகு தடை வந்தது. இன்றும் மீறுவோர் உண்டு; ஆயினும் வழி காட்டியது இச்சிறு மலையே.

மொழியுரிமையும் மண்ணுரிமையும்

மண்ணைக் காக்கும் போரில் மொழிக்கு என்ன வேலை என்று எண்ணற்க. 2020ஆம் ஆண்டில் நடுவணரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளுக்குப் புதிய வரைவை வெளியிட்டது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே கருத்துக் கேட்டது. அரசமைப்பின் எட்டாம் பட்டியலில் உள்ள 22 மொழிகளிலும் அதனைப் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் நயன்மன்றம் அவ்வாண்டு சூன் 30ஆம் நாள் ஆணையிட்டது. ஆணையை ஏற்று நடந்ததா நடுவணரசு? எதிர்த்து உச்ச நயன்மன்றத்திற்குச் சென்றது! திருவாரூர் உழவனின் நிலத்தைப் பற்றிய விதியைத் திருவாரூர் உழவன் படிக்கலாகாது என்பதே இதன் உட்கிடை. தன் மொழியில் எழுதப்படாத ஆவணத்தில் கைந்நாட்டு வைப்பவன் தன் நிலத்தை இழப்பான். தமிழ் ஆட்சிமொழியாக வேண்டும் என்பது புலவர்களின் ஆசை மட்டுமன்று. உழவனின் பட்டாவைக் காக்கும் வேலியும் அதுவே.

செய்யவேண்டுவன

தமிழ்நாட்டில் புதிய எண்ணெய், எரிவளித் தேட்டத்தைத் தடை செய்வது முறையே. அது தேவையும் ஆகும். அதற்கு ஆறு செயல்கள் வேண்டும்.

ஒன்று: வேளாண் மண்டலச் சட்டம் விடுபட்ட காவிரி மாவட்டங்களுக்கும் இராமநாதபுரம், சிவகங்கைக்கும் விரிவாக வேண்டும்.

இரண்டு: இயங்கும் கிணறுகள் ஒவ்வொன்றிற்கும் முடிவு நாள் குறிக்க வேண்டும், கைவிட்ட கிணறுகளை முறையாக மூடி, நிலத்தைத் திருத்தி உழவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மூன்று: எண்ணெய் வயல்கள் பற்றிய அதிகாரம் மாநிலத்திற்கு வரவேண்டும், அதுகாறும் மாநில அரசின் எழுத்திசைவின்றி ஓர் ஆணியும் இறங்கலாகாது.

நான்கு: மக்கள் கருத்துக் கேட்பு மீண்டும் கட்டாயமாதல் வேண்டும், ஆவணம் முழுதும் தமிழில் இருத்தல் வேண்டும்.

ஐந்து: மீனவரைக் கேளாமல் தமிழ்க் கடலில் துளையிடலாகாது.

ஆறு: மாற்று ஆற்றல். பைக்காராவில் 1932ஆம் ஆண்டிலேயே அருவியிலிருந்து மின்னாற்றல் எடுத்துச் சமநிலத்திற்கு அனுப்பிய மலை இது. ஆரல்வாய்மொழிக் காற்றும் இராமநாதபுரத்து வெயிலும் தமிழ்நாட்டிற்கு இயற்கை அளித்த வற்றாத கிணறுகள். மின்னாற்றலால் இயங்கும் பேருந்துகள் மலையேறட்டும். விறகை எரித்துத் தேயிலை உலர்த்தும் ஆலைகள் படிப்படியாக மாறட்டும். சிறு தேயிலை உழவர்மீது அச்செலவைச் சுமத்தாமல் அரசே தாங்கட்டும்.

தமிழ்ப் பெருமக்களே! நிலத்தடியில் உள்ளதை எடுப்பதற்குப் பேராற்றல் வேண்டியதில்லை; துளைக்கும் பொறியும் பணமும் போதும். எடுக்காமல் விடுவதற்கே நெஞ்சுரம் வேண்டும். பிறக்கப்போகும் குழந்தையை எண்ணிப் பார்க்கும் அறிவு வேண்டும். நெடுவாசல் மூதாட்டிக்கு அவ்வறிவு இருந்தது. கதிராமங்கலத்து உழவர்க்கு அவ்வுரம் இருந்தது. அவர்கள் ஊன்றிக் காத்த வயலுக்கு மேலிருந்து நீர் அனுப்பும் மலைமக்கள், குரலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அடுத்த கருத்துக் கேட்பு எங்கு நிகழினும், அடுத்த ஏல அறிவிப்பு எவ்வூரைச் சுட்டினும், நீலமலையின் ஒவ்வொரு சிற்றூரிலிருந்தும் தமிழில் ஒரு மறுப்புமடல் செல்லட்டும்.

மண் காப்போம்! மொழி காப்போம்! இரண்டும் காக்கும் உரிமை பெறுவோம்!

வெல்க தமிழ்!